உள்ளே போகாத வயர்

ஜூலை 22, திங்கள்

வீட்டிலிருந்த துடைப்பங்களை எல்லாம் பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். ஈர்க்குத் துடைப்பம், பூந்துடைப்பம், ஒட்டடைக் கம்பு, ஒன்றையும் விடவில்லை.

"இத்தன வாரியலையும் வச்சிக்கிட்டு நான் என்ன அண்ணாச்சி செய்ய?" என்று கேட்டார்.

டாக்டர் உத்தரவு என்றேன். என் மனைவி வடிவு சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ரத்தத்தில் வந்திருக்கிறது. அதன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை, எல்லோரும்தான் சொல்கிறார்களே. முதல் சுற்று மருந்து ஏற்றியதில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. கிருமி அண்டாமல் இருக்கத் தனியறையில் வைத்திருக்கிறார்கள். அணுக்கள் ஏறினால் அடுத்த சுற்று வரைக்கும் வீட்டுக்கு விடுவார்களாம். அந்த வீட்டில் தூசி பறக்கக் கூடாது. பெருக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம், இல்லாவிட்டால் வேக்குவம் கிளீனர்.

அவளோடு இருக்கும் மகள் தாரணி இவ்வளவையும் போனில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்த்தாள். "வீடு ரெடியாகலன்னா சொல்லிடுங்கப்பா. அம்மாவை என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

ஆகும் என்றேன். வடிவு இங்கேதான் வர வேண்டும். பாளையங்கோட்டையில் இப்போது ஆடிக்காற்று. ஜன்னலைச் சாத்தினாலும் கட்டிலில் செம்மண் படிகிறது. பரணில் இருக்கும் மெஷினை நாளைக்கு இறக்க வேண்டும்.

ஜூலை 23, செவ்வாய்

இறக்கியாயிற்று. முதுகு பிடித்துக்கொண்டது.

தாரணி பிறந்த வருசம் வடிவின் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. பழுப்பு நிறம், நாலு சக்கரம், முன்னால் நீளமாக ஒரு குழாய். வடிவு அதற்கு யானைக்குட்டி என்று பெயர் வைத்தாள். தூசியை உறிஞ்சும் என்று அவள் நம்பியதே இல்லை. "போன தூசியக் காட்டச் சொல்லுங்க பாப்போம்" என்பாள்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது. வயர்தான் தகராறு. பின்பக்கத்திலிருந்து இழுத்தால் வரும், பட்டனை அமுக்கினால் சர்ரென்று உள்ளே ஓடிச் சுருண்டுகொள்ளும், அதுதான் இதன் பெருமை. இப்போது ஒரு முழம் வெளியே வந்து நின்றுவிட்டது. வரவும் இல்லை, போகவும் இல்லை. பிளக்கை மாட்டினால் சுவரோடு ஒட்டி நின்று உறுமுகிறது. கட்டில் இருப்பதோ அந்தக் கோடியில்.

ஜூலை 24, புதன்

சமாதானபுரத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பீர் முகம்மதைக் கூட்டிவந்து காட்டினேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"உள்ள ஒரு சக்கரம் இருக்கு அண்ணாச்சி, அதுலதான் ஒயரு சுத்தியிருக்கும். சுருள் ஸ்பிரிங்கு அத இழுக்கும். அது எதுக்கு நமக்கு? தூக்கிப் போட்டுட்டு நீள ஒயரா ஒண்ணு நேரா கொடுத்திருவோம். அஞ்சு நிமிச வேலை."

வேண்டாம் என்றேன். தரையில் வயர் நீளமாகக் கிடந்தால் வடிவு தடுக்கி விழுவாள்.

"அவங்க கட்டில்லதான இருப்பாங்க?"

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஆனால் எனக்குக் கரண்ட் வேலை தெரியும் என்று ஊர் நம்புகிறது, நானும் மறுத்ததில்லை. வடிவு மட்டும் நம்ப மாட்டாள். நான் கழற்றியது எதுவும் மறுபடி ஒன்று சேர்ந்ததில்லை என்பது அவள் கட்சி.

தாரணி வீடியோவில் கூப்பிட்டாள். டவர் சரியில்லை என்று வைத்துவிட்டு, சாதாரணமாகக் கூப்பிட்டேன். டவர் எங்கள் தெரு முக்கில்தான் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.

ஜூலை 26, வெள்ளி

திருகாணிகளைக் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

ரசம். அப்பளம்.

வடிவுக்கு முடி கொட்டத் தொடங்கி, மிச்சத்தையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டாளாம். "அம்மா ஒண்ணுமே சொல்லலப்பா, கண்ணாடி மட்டும் கேட்டாங்க" என்றாள் தாரணி. சரி என்றேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் வரும் நேரமாகிவிட்டதால் போய்க் குழாயைத் திறந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

மூடி வந்துவிட்டது. காரணமும் தெரிந்துவிட்டது.

பட்டனுக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் உருளை இருக்கிறது. வயர் சுற்றிய சக்கரத்தை அதுதான் அழுத்திப் பிடித்திருக்கும். பட்டனை அமுக்கினால் விலகிக்கொள்ளும், சக்கரம் சுழலும். அந்த உருளையும் அதைத் தாங்கும் கம்பியும் சக்கரத்தோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன. பசை போட்டது போல மஞ்சளும் சிவப்புமாக ஏதோ. முதலில் துரு என்றுதான் நினைத்தேன். சுரண்டிப் பார்த்தால் சந்தனம். நடுநடுவே குங்குமம்.

ஆயுத பூஜைக்கு வடிவு எதையும் விட மாட்டாள். தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, என் சைக்கிள், எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. யானைக்குட்டிக்கு மட்டும் தனிக் கவனிப்பு. துதிக்கை இருப்பதால் அது யானை. யானை என்றால் நெற்றி வேண்டும். மேலே நடுவில் வட்டமாக இருக்கும் வயர் பட்டன்தான் நெற்றி என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். பன்னீர் விட்டுத் தளர்வாகக் குழைத்த சந்தனத்தை அள்ளி அப்பி, மேலே குங்குமம் வைப்பாள். மறுநாள் வெளியே தெரிவதைத் துடைத்துவிடுவாள். இடுக்கு வழியாக உள்ளே இறங்கியதை யார் துடைப்பது? வருசத்துக்கு ஒரு பூச்சாக ஏறியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதத்தில் எனக்கு ஏதாவது வந்தது என்றால் அந்தக் கோபம்தான். உடனே போன் போட்டேன்.

"யாராவது மெஷினுக்குள்ள சந்தனத்த ஊத்துவாளா?"

"ஊத்தலையே. பொட்டுதான வச்சேன்." வாயெல்லாம் புண்ணாம். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"அது பட்டனு. நெத்தியில்ல."

"எனக்கென்ன தெரியும். நீங்களும் பக்கத்துலதான நின்னிய, சூடம் காட்டையில." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ரொம்பப் பேச முடியல. நீங்க பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"அந்தச் சந்தனத்தையே பேசுங்க."

இன்னும் சுரண்ட வேண்டியிருக்கிறது என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சுரண்டவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 29, திங்கள்

மின்கணக்கு எடுக்க ஆள் வந்தார். அம்மா இல்லையா என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

ஜூலை 31, புதன்

சுடுதண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்து சந்தனத்தை எடுத்தேன். ஏடு ஏடாகப் பெயர்ந்தது. இத்தனை வருசம் கழித்து மணம் இருக்காது என்று நினைத்தேன், தண்ணீர் பட்டதும் இருந்தது. வாளித் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன்.

உருளை இப்போது நன்றாக அசைகிறது. பீர் முகம்மது வந்திருந்தால் இன்றைக்கே மூடி மாட்டியிருப்பார். நான் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஸ்பிரிங் இருந்த டப்பாவின் மூடியை நெம்பினேன். அவ்வளவுதான். உள்ளே அடங்கியிருந்தது மொத்தமும் பாய்ந்து வெளியே வந்து ஹால் முழுக்க விரிந்தது. அவ்வளவு சின்ன டப்பாவுக்குள் அவ்வளவு நீளத் தகடு இருக்கும் என்று யார் கண்டது. உள்ளங்கை கிழிந்துவிட்டது. சத்தம் கேட்டு எஸ்தர் டீச்சர் வந்து, டெட்டால் போட்டுக் கட்டினார். வலித்ததா என்று கேட்டார். யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் தாரணி அனுப்பிய புது வேக்குவம் கிளீனர் வந்தது. பெட்டி நிறையப் படம் போட்டிருக்கிறது. அதற்கு வயரே கிடையாதாம், சார்ஜ் போட்டால் போதுமாம். பழையது தூசியைப் பின்பக்கமாக விட்டாலும் விடும், இது விடாது என்றாள்.

அப்படியானால் இனி இந்த வேலை எதற்கு என்று எஸ்தர் டீச்சர் கேட்டார். பாதியில் விடக் கூடாது என்றேன். பெட்டியைப் பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எஸ்தர் டீச்சர் தம்பி வீட்டு விசேஷத்துக்கு நேற்றுச் சென்னை போய்விட்டு இன்று வந்தார். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராக இங்கே வந்தார்.

"வடிவக்காவப் பாத்துட்டு வந்தேன்."

துடைத்துக்கொண்டிருந்த ஸ்பிரிங்கைக் கீழே வைத்தேன். "உள்ள விடமாட்டாங்களே" என்றேன்.

"உள்ள எதுக்குப் போணும்? கண்ணாடிச் சன்னல் வச்சிருக்காவ. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க. பேசறதுக்குப் போனு மாட்டியிருக்கு. தினமும் சாயங்காலம் எல்லாரும் வந்து பாக்காவ. உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

ஒருத்தர்தான் இருக்கலாம் என்று சொன்னார்கள் என்றேன்.

"கூட இருக்கதுக்கு ஒருத்தரு. பாக்கதுக்கு இல்ல." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லா பேசினாவ. உங்க கைக் காயத்தக் கேட்டாவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரியும். தாரணி முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வடிவுக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 7, புதன்

இறங்கவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். ரத்தத்தில் ஏதோ அணு வேண்டுமென்று தாரணியே படுத்துத் தன் ரத்தத்திலிருந்து கொடுத்திருக்கிறாள். "அப்பா, வர்றீங்களா?" என்று கேட்டாள். பிறகு அவளாகவே, "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் போட்டேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பீர் முகம்மது கையுறையோடு வந்து, ஸ்பிரிங்கைச் சுருட்டி டப்பாவுக்குள் அடக்க உதவி செய்தார். ஒருவர் சுருட்ட ஒருவர் பிடிக்க, காலை முழுக்கப் போயிற்று. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்த நான் கடைக்குக் கொண்டுபோய் முடிச்சிருதேன். நீங்க சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிருங்க. ஸ்டேஷனுக்கு நானே வண்டியில கொண்டுவிடுதேன்" என்றார்.

"காய்ச்சல் எறங்கட்டும்" என்றேன்.

"காய்ச்சல்னாத்தான் போணும் அண்ணாச்சி."

டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். கோபம்தான். அவரை நான் குறை சொல்லவில்லை.

அவர் போனபின் சக்கரத்தை மாட்டி வயரைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். இழுத்த இடத்திலேயே செத்த பாம்பாகக் கிடந்தது. சக்கரத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காய்ச்சல் கொஞ்சம் மட்டு.

ஆகஸ்ட் 10, சனி

காய்ச்சல் அடியோடு விட்டுவிட்டது. அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன, இப்படியே போனால் வருகிற வாரம் வீட்டுக்கு விடுவார்கள் என்று தாரணி சொன்னாள். அழுகிற குரலில் சிரித்தாள். எனக்கும் சந்தோசம் என்றேன். வாயில் சொன்னேனே தவிர அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பூரி சாப்பிட வேண்டும் போல இருந்து, கடைக்குப் போய், சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

புதுப் பெட்டியைப் பிரித்து வீடு முழுக்கச் சுத்தம் செய்தேன். நன்றாகத்தான் இழுக்கிறது. திரைச்சீலைகளைத் துவைத்தேன். அவள் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டேன். என் கட்டிலை எங்கே போடுவதென்று தெரியாமல் ஹாலில் போட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முடிந்தது. சக்கரத்தைத் திருப்பி மாட்டி, வயரை நுழைக்கும் முன் ஸ்பிரிங்குக்கு முறுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பலமுறை தோற்றபின்தான் புரிந்தது. முறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். இழுத்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது, பட்டனை அமுக்கினால் ஓடிப்போய்ச் சுருண்டுகொள்கிறது. மூடியையும் போட்டாயிற்று. ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. இதை வடிவிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. போன் போட்டேன்.

தாரணி எடுத்து அவளிடம் கொடுத்தாள். சொன்னேன். வீடு தயார், கட்டில் தயார், மெஷினும் தயார், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் தாரணி வீட்டுக்கே போயிருதேன்" என்றாள்.

"ஏன்? ஒரு பொட்டுத் தூசி கெடையாது. எஸ்தர் டீச்சரக் கேட்டுப் பாரு."

"தூசியப் பத்தி நான் கேக்கல." மூச்சு வாங்கியது. ஆனால் நிதானமாகத்தான் பேசினாள். "எஸ்தரு வந்தா. உங்க ஆபீசு முருகையா கூட மெனக்கெட்டு வந்து பாத்துட்டுப் போனாரு. நீங்க வரல. வீடியோல கூப்பிட்டா டவர் இல்லங்கிய. எனக்குத் தெரியாதா உங்கள? என்னைய இப்படிப் பாக்க உங்களுக்கு முடியல. அது பரவாயில்ல. ஆனா ஒரே வீட்டுல இருந்தா, நாள் பூரா நீங்க எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருப்பிய?"

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கடைசியில் தாரணிதான் வாங்கி வைத்தாள்.

எழுதிவிடுகிறேன். எனக்குப் பயம். அவளைப் பார்த்துவிட்டால் இது நிசமாகிவிடும் என்று பயம். பார்க்கிற வரைக்கும் என் மனதில் அவள் அடர்ந்த கொண்டையும் மஞ்சள் முகமுமாக அடுக்களையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதை இழக்க எனக்கு மனசில்லை. கட்டிலை ஹாலில் போட்டதும் அதனால்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பீர் முகம்மது ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை. ரயில் பெட்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி கிளம்பவில்லை. இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றிவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். காலணியைக் கழற்றி, கை கழுவி, முகத்துக்குத் துணி கட்டி ஒரு நீள வராந்தாவில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னும் ஒரு குடும்பம். நான் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். தாரணி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "இங்கதாம்பா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

சுவரில் தொலைபேசி இருந்தது. எடுத்தேன். அதன் வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்தாச்சா" என்றாள்.

"ம்."

"கை எப்படி இருக்கு?"

காய்ந்துவிட்டது என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பிரிங்தான். அதைச் சொல்லத் தொடங்கினேன். டப்பா திறந்ததும் ஹால் முழுக்க விரிந்ததை, பீர் முகம்மது கையுறை போட்டுக்கொண்டு சுருட்டியதை, தலைகீழாக மாட்டியதை, மறுபடி கழற்றியதை, முறுக்கு எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும் என்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

"சொல்லி முடிச்சாச்சா?"

"ம்."

"அப்ப பாருங்க."

பார்த்தேன்.

தலையில் ஒன்றும் இல்லை. புருவமும் இல்லை. பாதி முகத்தைத் துணி மறைத்திருந்தது. கழுத்தில் ஒரு குழாய், பிளாஸ்திரி. நீல உடுப்புக்குள் தோள் எலும்பு தெரிந்தது. கண் மட்டும் அவளுடையது, வழக்கமான எரிச்சலோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டேன். மனதில் பட்டதைச் சொன்னேன்.

"காது பெருசா இருக்கு."

"எப்பவும் இதே காதுதான். நீங்க பாத்ததில்ல."

அவள் சிரித்தாளா என்று துணிக்குப் பின்னால் தெரியவில்லை. நான் அழுதேன். வராந்தாவில் எல்லோரும் இருக்க, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே அழுதேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிகிற வரைக்கும் இருந்தாள்.

நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நாளைக்கும் வாங்க. அதுக்கு மறுநாளும் வாங்க" என்றாள் வடிவு. "பாத்துப் பழகிக்கிடுங்க. சனிக்கிழமை என்னைய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போணும்லா."